ஆக்சிஜன் சென்சார் கழல மாட்டேங்குதா? அறிகுறியை பாத்துட்டு டூலை எடுங்க

வீட்டுலயே ஆக்சிஜன் சென்சார் மாத்தறது, அது ஒழுங்கா கழண்டு குடுத்துட்டா, பதினஞ்சு நிமிஷ வேலை. குடுக்கலைன்னா லீவு நாள் முழுசா காலி. எக்ஸாஸ்ட் பைப்புல திருகி வச்சிருக்கற, புகைல எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம்னு எஞ்சின் கம்ப்யூட்டருக்கு சொல்ற சாமான் இது, வருஷக்கணக்கா கொதிச்சு ஆறி, ரோட்டுத் தண்ணி பட்டு, துருவேறி, கடைசில பைப்பும் சென்சாரும் ஒரே இரும்பா ஆகிடும். நான் இதுவரைக்கும் மாத்தினதுல பாதி சும்மா கையோட வந்துச்சு, மீதி பாதி என்னை படுத்தி எடுத்துச்சு, அந்த மீதி பாதில கத்துக்கிட்டதை தான் இங்க எழுதறேன்.

முதல்ல அளவு. முக்காவாசி கார்ல சென்சாரோட அறுகோணம் 22 மி.மீ, மரை 18 மி.மீ விட்டம், 1.5 மி.மீ பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி). கடைல 7/8 இஞ்ச்னு போட்டு வர்ற சாக்கெட்டும் இதுக்கு தான் விக்கறாங்க, ஆனா அது 22.2 மி.மீ, துருப்பிடிச்சு தேஞ்ச சென்சார்ல அந்த 0.2 மி.மீ லூஸ் கூட வேலையைக் காட்டும், அதனால முடிஞ்சா 22 தான் வாங்குங்க. 12 மி.மீ மரை போட்ட குட்டி சென்சாரும் சில வண்டில வரும், அதுக்கு இந்த சாக்கெட் எதுவும் செட் ஆகாது, டூல் வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை அளந்துடுங்க.

இன்னொரு விஷயத்தை இப்பவே சொல்லிடறேன், கீழ வர்ற பாதி பிரச்சனைக்கு இது தான் பதில். பழைய சென்சார் குப்பைக்கு தான் போகுதுன்னா அதோட ஒயரை வெட்டிடுங்க. எல்லாரும் முதல்ல வாங்கறது பக்கவாட்டுல பிளவு விட்ட ஆக்சிஜன் சென்சார் சாக்கெட். அந்த பிளவு எதுக்குன்னா ஒயர் நுழையறதுக்கு. ஒயரே இல்லைன்னா பிளவு எதுக்கு? சாதாரண ஆறு முனை ரிங் ஸ்பேனரோ டீப் சாக்கெட்டோ அப்படியே தலைல இறங்கிடும், சுத்தி முழுசா புடிக்கும், விரியாது. பிளவு சாக்கெட் புதுசை மாட்டறதுக்கு நல்ல டூல், ஏன்னா மாட்டறதுக்கு தேவை சுமார் 40லேர்ந்து 50 நியூட்டன் மீட்டர் தான். துருப்பிடிச்சதை கழட்ட அதுக்கு மூணு நாலு மடங்கு கூட ஆகலாம், அந்த பலத்துக்கு அது பொறந்ததே இல்ல.

ஆனா வெட்டறதுக்கு முன்னாடி மூணு விஷயம்: போனது அந்த சென்சார் தான்னு உறுதியா தெரியணும், புது சென்சார் கைல இருக்கணும், புதுசோட கனெக்டரும் ஒயர் நீளமும் பழசோட ஒத்துப் போகணும். வெட்டிட்டு தப்பான சென்சார்னு தெரிஞ்சா அந்த வயித்தெரிச்சலுக்கு மருந்து கிடையாது, அனுபவம் பேசுது.

செக் எஞ்சின் லைட் எரியுது, ஆனா போனது சென்சார் தானான்னு தெரியல

ஸ்பேனரை கீழ வைங்க, ஸ்கேனரை எடுங்க. வண்டியோட டயக்னாஸ்டிக் சாக்கெட்ல சொருகி, ப்ளூடூத்ல போனோட சேர்ற சின்ன ஓபிடி அடாப்டரே போதும். அதுல வர்ற கோட், அதாவது கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கற பழுது நம்பர், ஆக்சிஜன் சென்சாரை சொல்லுதுன்னா சென்சார் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அந்த சர்க்யூட்ல ஏதோ சரியில்லன்னு தான் அர்த்தம்.

பி0135, பி0141 மாதிரி வந்தா அது உள்ள இருக்கற ஹீட்டர் சம்பந்தப்பட்டது (முதலாவது கேட்டலிட்டிக்குக்கு, அதாவது புகையை சுத்தம் பண்ற டப்பாவுக்கு, முன்னாடி இருக்கற சென்சார், அடுத்தது பின்னாடி இருக்கறது). சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல போனா தான் ஒழுங்கா வேலை செய்யும், அதை சீக்கிரம் சூடாக்கத் தான் அந்த ஹீட்டர். இதுக்கு முதல்ல பாக்க வேண்டியது ஃப்யூஸ். ஃப்யூஸ் போய், சென்சாரை மாத்தி, திரும்ப அதே கோட் வந்து முழிச்சவங்க நிறைய பேர். ஃப்யூஸ் நல்லா இருந்தா கனெக்டரை கழட்டி சென்சார் பக்கத்துல ஒரே கலர்ல இருக்கற ரெண்டு ஒயருக்கு நடுவுல, பெரும்பாலும் ரெண்டும் வெள்ளையா இருக்கும், மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாருங்க. சில ஓம்லேர்ந்து பதினஞ்சு ஓம் வரைக்கும் காட்டினா பொதுவா ஹீட்டர் உயிரோட இருக்கு, சரியான அளவு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். மீட்டர் அசையவே இல்லைன்னா உள்ள கம்பி அறுந்துடுச்சு, சென்சார் மாத்தணும், சந்தேகமே வேண்டாம். ஹீட்டர் நல்லா இருந்து வண்டி பக்கத்து கனெக்டர்ல எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் வரலைன்னா பிரச்சனை ஒயரிங்ல, சென்சார் மேல பழி போடாதீங்க.

பி0133 வந்தா சென்சார் மந்தமா இருக்குன்னு அர்த்தம். லைவ் டேட்டால பாருங்க: நாலு ஒயர் இருக்கற பழைய டைப் முன் சென்சார், எஞ்சின் சூடானதும் 0.1லேர்ந்து 0.9 வோல்ட் வரைக்கும் விடாம மேலயும் கீழயும் குதிக்கணும். பெட்ரோல் ஜாஸ்தியானா வோல்ட் ஏறும், காத்து ஜாஸ்தியானா இறங்கும், நடுக்கோடு சுமார் 0.45. குதிக்காம நகர்ந்தா சென்சாருக்கு வயசாயிடுச்சு. பின் சென்சார் நேர் மாறு, கேட்டலிட்டிக் நல்லா இருந்தா அது ஏறக்குறைய ஒரே இடத்துல நிக்கணும், அதுவும் முன்னாடி உள்ளது மாதிரியே குதிச்சா சந்தேகம் கேட்டலிட்டிக் மேல. அஞ்சு ஆறு ஒயர் உள்ள வைட்பேண்ட் (கலவை அளவையே நேரா அளக்கற டைப்) சென்சார்னா இந்த கணக்கு எதுவும் பொருந்தாது, அதை இப்படி பாத்துட்டு செத்துடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க.

பி0171, பி0420 (கேட்டலிட்டிக் ஒழுங்கா வேலை செய்யலைன்னு சொல்ற கோட்) ரெண்டுக்கும் சென்சாரை மாத்தறது இருக்கறதுலயே வீண் செலவு. பி0171ன்னா கலவைல காத்து ஜாஸ்தின்னு சென்சார் உள்ளதை சொல்லுது, வேக்யூம் ஹோஸ் லீக், மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (எஞ்சினுக்குள்ள போற காத்தை அளக்கறது), ஃப்யூவல் பிரஷர் இதையெல்லாம் பாருங்க. சேதி சொல்ல வந்தவனையே அடிக்கற கதை வேண்டாம். சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்ல சின்ன லீக் இருந்தா வெளிக்காத்து உள்ள இழுபட்டு அதுவும் இதே மாதிரி பொய் காட்டும், காலைல முதல் ஸ்டார்ட்ல டிக் டிக்னு சத்தம் வருதான்னு கேளுங்க.

எந்த சென்சார்னு குழப்பமா இருக்கு

பேங்க் 1ன்னா 1ம் நம்பர் சிலிண்டர் இருக்கற பக்கம், டிரைவர் பக்கம் இல்ல, இடது பக்கமும் இல்ல. சென்சார் 1ன்னா கேட்டலிட்டிக்குக்கு முன்னாடி, சென்சார் 2ன்னா பின்னாடி. நாலு சிலிண்டர் வண்டில பெரும்பாலும் ஒரே பேங்க் தான், குழப்பம் கம்மி. சிலிண்டர் ரெண்டு வரிசையா பிரிஞ்சிருக்கற வி6ல தான் ஜனங்க மாட்டிக்கறாங்க. சந்தேகமா இருந்தா ஸ்கேனர்ல லைவ் டேட்டாவை வச்சுக்கிட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி சந்தேகப்படற கனெக்டரை பிடுங்குங்க, எந்த ரீடிங் செத்துப்போகுதோ அது தான். இதனால ஒரு கோட் வந்து உக்காரும், கடைசில அழிச்சுக்கலாம்.

கனெக்டர் கழல மாட்டேங்குது

சென்சார் பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் வருஷக்கணக்கா சூடு பட்டு அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். பல கனெக்டர்ல ரெண்டு பூட்டு, முதல்ல சிவப்போ சாம்பல் கலரோ ஒரு சின்ன நழுவுற கிளிப், அதை இழுத்துட்டு தான் மெயின் கிளிப்பை அமுக்கணும். இது தெரியாம அமுக்கி அமுக்கியே உடைச்சுடுவாங்க. வளைஞ்ச முனை உள்ள சின்ன பிக் டூல் இருந்தா நல்லது, இல்லைன்னா ரெண்டு குட்டி ஸ்க்ரூ டிரைவர். மண்ணு அடைச்சிருந்தா முதல்ல ஏர் அடிச்சு, இல்ல பிரஷ்ஷால சுத்தம் பண்ணிடுங்க. ஒயரை புடிச்சு இழுக்கவே கூடாது. எப்படியும் ஒயரை வெட்டப் போறீங்கன்னா கூட இந்த கனெக்டர் கழண்டே ஆகணும், அதோட மறுபாதி வண்டியோடது, அது உடைஞ்சா செலவு தனி. அதனால இதை முதல்ல கழட்டிட்டு அப்புறம் மரைக்கு போங்க.

பின் சென்சாரோட ஒயரை புடிச்சுக்கிட்டே போனா கனெக்டரை காணோமா? சில வண்டில அது ரப்பர் குரோமெட் வழியா கேபின் உள்ள, கார்பெட்டுக்கு அடியிலயோ சீட்டுக்கு அடியிலயோ இருக்கும். வண்டிக்கு அடியில படுத்து ஒரு மணி நேரம் தேடினதுக்கு அப்புறம் தான் எனக்கு இது தெரிஞ்சுது.

கையே போகல, டூல் உக்கார இடம் இல்ல

அவசரத்துல அண்டாவுக்குள்ள கூட கை நுழையாதுன்னு சொல்லுவாங்க, மேனிஃபோல்டுக்கும் (எஞ்சினோட ஒட்டியிருக்கற எக்ஸாஸ்ட் ஆரம்பம்) ஃபயர்வாலுக்கும் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) நடுவுல நிஜமாவே நுழையாது. முதல்ல ஹீட் ஷீல்டை, அதாவது சூட்டைத் தடுக்கற தகரத்தை, கழட்ட பாருங்க, பெரும்பாலும் 10 மி.மீ போல்ட், அதுவும் துருவேறி தலை முறியறதுல கெட்டிக்காரன், ஆயில் அடிச்சு நிதானமா போங்க. மேலேர்ந்து வரலைன்னா கீழேர்ந்து பாருங்க. கீழ போறீங்கன்னா ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க, ஸ்டேண்டு வச்சு, தரைல நிக்கற சக்கரத்துக்கு கட்டை குடுத்துட்டு தான் போகணும். ஏன் இதை அழுத்தி சொல்றேன்னா இந்த வேலைல நீங்க நீளக் கம்பியை முழு பலத்தோட இழுக்கப் போறீங்க, வண்டி ஆடும்.

டூலை பொறுத்தவரை நாலு ஜாதி. நீளமான பிளவு சாக்கெட், தலைக்கு மேல நேரா இடம் இருக்கும்போது. பக்கவாட்டுல டிரைவ் ஓட்டை உள்ள குட்டையான ஆஃப்செட் சாக்கெட், மேல இடம் இல்லாதப்போ. க்ரோஃபுட்னு சொல்ற காக்கா கால் ஸ்பேனர், சந்துல நுழையும், ஆனா வாய் திறந்தது, இறுகினதை கழட்ட லாயக்கில்ல. அப்புறம் நம்ம ரிங் ஸ்பேனர், ஒயரை வெட்டினா மட்டும். இதுல ஒண்ணு தான் வாங்குவேன்னா கழட்ட நீளமான 22 ரிங் ஸ்பேனர் வாங்குங்க, மாட்டறதுக்கு ஆஃப்செட் சாக்கெட்டை யார்கிட்டயாவது இரவல் வாங்கிக்கலாம். ஆஃப்செட் சாக்கெட்ல ஒரு சிக்கல் இருக்கு, நீங்க இழுக்கற பலம் நடுவுல விழாம ஓரத்துல விழறதால சாக்கெட் சாய்ஞ்சு தலையை நழுவ விட்டுடும், ஒரு கையால சாக்கெட்டை பைப்பை பாத்து அமுக்கிக்கிட்டே தான் இழுக்கணும். எக்ஸ்டென்ஷன் கம்பி நடுவுல யூனிவர்சல் ஜாயின்ட் போட்டு இழுக்கறதும் வேண்டாம், பலம் கொஞ்சம் அங்கயே போயிடும்.

டூல் நல்லா உக்காந்துடுச்சு, ஆனா அசைய மாட்டேங்குது

இது தான் எல்லாரும் வந்து நிக்கற இடம்.

முதல்ல ஆயில் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கணும். சென்சாரோட தலைக்கும் பைப்புல இருக்கற பாஸுக்கும் (சென்சார் திருகி ஏர்ற தடிமனான வளையம்) நடுவுல ஒரு நசுங்கற வாஷர் இருக்கு, அதோட வேலையே கேஸ் வெளிய வராம அடைக்கறது தான். கேஸை அடைக்கறது ஆயிலையும் அடைக்கும். அதனால வெளியேர்ந்து நீங்க அடிக்கற பெனட்ரேட்டிங் ஆயில் மரைக்கு போக ரொம்ப நேரம் எடுக்கும், அடிச்ச அஞ்சாவது நிமிஷம் கம்பியை போட்டு இழுத்தா அது வேஸ்ட். முந்தின நாள் சாயந்திரம் ஆறின பைப்புல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, காலைல ஒரு தடவை அடிங்க. டபிள்யூடி 40ஓட பேர்லயே தண்ணியை விரட்டறதுக்கான சாமான்னு தான் அர்த்தம், அந்த பழைய நீலக் கேன் இதுக்கு சுமார் தான், பெனட்ரேட்டிங்னே போட்டு வர்றது பெட்டர். சூடான எக்ஸாஸ்ட் மேல ஸ்ப்ரே அடிக்காதீங்க, புகையோட நிக்காது, பத்திக்கும்.

அடுத்தது, எஞ்சினை ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டிட்டு ஆஃப் பண்ணுங்க. பைப்பு வெதுவெதுன்னு இருக்கும்போது கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும். முழு சூட்டுல வேண்டாம், கை வெந்துடும், அதுவும் இல்லாம மரை அந்த சூட்டுல பிறாண்டி புடிச்சுக்கும். கனமான லெதர் கிளவுஸும் கண்ணாடியும் கட்டாயம், உங்க தலைக்கு நேரா மேலேர்ந்து துருத்தூள் கொட்டும்.

இழுக்கறதுக்கு முன்னாடி லேசா இறுக்கற பக்கம் ஒரு தட்டு குடுங்க. கேக்க பைத்தியக்காரத்தனமா இருக்கும், ஆனா துரு கட்டு உடைய ரெண்டு பக்கமும் ஒண்ணு தான், லேசா டிக்னு ஒரு அசைவு கிடைச்சா பாதி ஜெயிச்சாச்சு. அதே மாதிரி பாஸ் மேல, சென்சார் மேல இல்ல, பைப்புல வெல்டு பண்ணியிருக்கற அந்த தடிமனான வளையத்து மேல சுத்தியால நாலு தட்டு.

ராட்செட்டை இதுக்கு உபயோகிக்காதீங்க, உள்ள இருக்கற பல்லு போயிடும். அரை இஞ்ச் டிரைவ் பிரேக்கர் பார் (உள்ள பல்லு இல்லாத நீளக் கம்பி) 60 செ.மீ நீளம் இருக்கட்டும். 30 கிலோ அளவுக்கு இழுத்தா ஏறக்குறைய 180 நியூட்டன் மீட்டர் வந்துடும், மாட்டறதுக்கு வேணும்னு சொன்னதுல நாலு மடங்கு. இதுக்கும் அசையலைன்னா கம்பியோட முனைல ஒரு பைப்பை மாட்டி இன்னும் நீட்டறதுக்கு முன்னாடி நிறுத்துங்க, அடுத்தது முறியப் போறது தலை தான்.

இங்க தான் ஒயரை வெட்ட வேண்டிய நேரம். வெட்டிட்டு ஆறு முனை ரிங் ஸ்பேனரை தலைல முழுசா இறக்கி, ஸ்பேனரோட இன்னொரு முனைல சுத்தியால சுருக்குன்னு அடிங்க. மெதுவா இழுக்கறதை விட அதிர்ச்சி தான் துருவை உடைக்கும். டீப் சாக்கெட் போறதுக்கு இடம் இருந்தா சென்சாரோட மேல் தகரக் குழாய் உள்ள இடிக்காம போகுதான்னு பாருங்க, இடிச்சா சாக்கெட் தலைல பாதி தான் உக்காரும், அந்த பாதி பிடில இழுத்தா மூலை போயிடும்.

இதுக்கும் மசியலைன்னா சூடு. கேஸ் டார்ச்சோட நெருப்பை பாஸ் மேல காட்டணும், சென்சார் மேல இல்ல, வெளி வளையம் விரியணும், உள்ள இருக்கறது விரியக்கூடாது, கணக்கு அது தான். மங்கலா சிவக்கற வரைக்கும் சூடாக்கிட்டு உடனே திருப்புங்க. கொஞ்சம் ஆறினதும் மரை ஓரத்துல மெழுகுவத்தியை தேச்சா உருகி உள்ள இழுபடும், ஆயில் போகாத சந்துக்கு மெழுகு போறதை நானே பாத்திருக்கேன். ஆனா வீட்டுல இதை செய்யறதுன்னா சுத்தி ஃப்யூவல் பைப், பிரேக் ஹோஸ், ஒயரிங், அண்டர்கோட்டிங், முன்னாடி அடிச்ச ஆயில் எல்லாத்தையும் பாத்துக்கணும், பக்கத்துல தீயணைப்பான் இருக்கணும். வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு டார்ச் புடிக்கற நிலைமைன்னா விட்டுடுங்க, மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டை கொளுத்தின கதை ஆகிடும், லிஃப்ட் வச்சிருக்கற ஒர்க்‌ஷாப்புக்கு குடுத்துடலாம்.

இம்பாக்ட் கன்? முழு சாக்கெட் போட்டா சரி, பிளவு சாக்கெட்டோட சேத்து போடாதீங்க, விரிஞ்சு ரெண்டா போயிடும்.

சாக்கெட் வாய் விரிஞ்சு நழுவுது

ஒரு தடவை விரிஞ்ச பிளவு சாக்கெட் திரும்ப பழைய நிலைக்கு வராது, அடுத்த இழுப்புல மூலையை தான் மழுக்கும். கழட்டற வேலைக்கு அதை ஓரமா வச்சுட்டு ரிங் ஸ்பேனருக்கு மாறுங்க. ஒயரை வெட்ட முடியாத நிலைமைன்னா, அதாவது பழைய சென்சார் நல்லா இருக்கு, கேட்டலிட்டிக் மாத்தறதுக்காக தான் கழட்டறீங்கன்னா, சுவர் தடிமனான சாக்கெட்டா வாங்கி, பிளவு பக்கம் இழுவிசை விழாத மாதிரி கம்பியை திருப்பி வச்சு பாருங்க.

மூலை மழுங்கிடுச்சு, எந்த டூலும் புடிக்கல

இனிமே அந்த சென்சாரை காப்பாத்தற பேச்சே இல்ல, ஒயரையும் மேல் குழாயையும் வெட்டி எடுத்துடுங்க. மழுங்கின போல்ட்டுக்குன்னு உள்பக்கம் சுருள் பல்லு வச்ச எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் வரும், அதை சுத்தியால அடிச்சு ஏத்தி இழுத்தா திருப்ப திருப்ப இன்னும் கடிக்கும். அது இல்லைன்னா நல்ல பைப் ரெஞ்ச். லாக்கிங் பிளையர் பெரும்பாலும் வழுக்கும், ஆனா அசைஞ்சு லூசானதை சுத்தி எடுக்க உதவும். வெல்டிங் மெஷின் இருக்கறவங்க கிட்ட பெரிய நட்டு ஒண்ணை மிச்சம் இருக்கற தலை மேல வெல்டு பண்ண சொல்லலாம், அந்த சூடே பாதி வேலையை முடிச்சு குடுத்துடும். அப்படி வெல்டு பண்ணும்போது பேட்டரி நெகட்டிவ் கழண்டிருக்கட்டும்.

ரெண்டு சுத்து வந்துச்சு, அப்புறம் இறுகி நின்னுடுச்சு

சந்தோஷத்துல எல்லாரும் தப்பு பண்ற இடம் இது. வந்துட்டு இருக்கேன்னு வேகமா இழுப்பாங்க, துருவும் கரியும் மரைக்குள்ள உருண்டு ரெண்டு பக்க மரையையும் சேத்து பிச்சுக்கிட்டு வரும். இறுகுதுன்னு கை சொன்ன உடனே திரும்ப உள்ள ஒரு சுத்து ஏத்துங்க. இப்ப அந்த வாஷர் தூக்கியாச்சு, ஆயில் போக வழி இருக்கு, நிறைய அடிங்க, பத்து நிமிஷம் டீ குடிச்சுட்டு வந்து கால் சுத்து வெளிய, எட்டுல ஒரு பங்கு உள்ள, திரும்ப கால் சுத்து வெளியன்னு ஆட்டி ஆட்டி எடுங்க. அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல.

சென்சார் வந்துடுச்சு, கூடவே மரையும் வந்துடுச்சு

வெளிய வந்த சென்சார்ல பளபளன்னு உலோகச் சுருள் ஒட்டியிருந்தா பாஸ் மரை அடி வாங்கியிருக்கு. கொஞ்சமா இருந்தா 18க்கு 1.5 த்ரெட் சேஸர் ஓட்டினா போதும். சேஸர் இருக்கற மரையை சுத்தம் பண்ணி நேராக்கும், மரை வெட்டற டேப் மாதிரி புதுசா வெட்டித் தள்ளாது, அதனால சேஸர் தான் முதல் சாய்ஸ். அதோட பள்ளத்துல கிரீஸ் அப்பிக்கிட்டா தூள் அதுல ஒட்டிக்கும், கேட்டலிட்டிக் பக்கம் போகாது. கையால நேரா ஏத்துங்க, முதல் ரெண்டு சுத்து சாய்ஞ்சா எல்லாம் சாய்ஞ்சுடும்.

மரை முழுசா போயிருந்தா ரெண்டு வழி. மேனிஃபோல்டுல இருந்தா ஓட்டையை பெருசாக்கி இன்சர்ட் (உள்ள மரை உள்ள வளையம்) போடலாம். பைப்புல இருந்தா பழைய பாஸை வெட்டிட்டு புது பாஸ் வெல்டு பண்றது தான் நிக்கும். எம்சீல் மாதிரி பேஸ்ட்டை வச்சு ஒட்டறது எல்லாம் அந்த சூட்டுல நாலு நாள் தாங்காது.

வெளிய வந்த பழசை தூக்கி எறியறதுக்கு முன்னாடி முனையை பாருங்க. கருப்பா மசி படிஞ்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தியா எரியுது, வெள்ளையா மாவு மாதிரி இருந்தா சிலிக்கான் சீலன்ட் புகையோ கூலன்டோ உள்ள போயிருக்கலாம், பழுப்பு சாம்பல்னா எஞ்சின் ஆயில் குடிக்குது. இதை சரி பண்ணாம புதுசு போட்டா புதுசும் அதே வழில போகும்.

புதுசு ஏற மாட்டேங்குது, இல்ல எவ்வளவு இறுக்கறதுன்னு தெரியல

கையால மட்டும் ஏத்துங்க. ஒயர் கூடவே சுத்தும், அதனால கனெக்டரை கடைசில தான் மாட்டணும், முதல்ல மாட்டினா ஒயர் முறுக்கிக்கும். முழு மரையும் விரல்லயே ஏறலைன்னா சேஸர் ஓட்ட வேண்டியிருக்கு, ஸ்பேனரால தள்ளாதீங்க. கீழ போட்டுட்டா உள்ள இருக்கற செராமிக் கண்ணுக்கு தெரியாம விரிசல் விடும், நான் கான்கிரீட் தரைல நழுவ விட்ட ஒண்ணை பரவாயில்லன்னு மாட்டி ரெண்டாவது தடவை எல்லா வேலையும் செஞ்சேன்.

ஆன்ட்டி சீஸ், அதாவது மரை ஒட்டிக்காம இருக்க தடவற பசை, பல சென்சார்ல கம்பெனிலயே தடவி வரும், மரைல சாம்பல் கலர்ல பசை தெரிஞ்சா மேல எதுவும் வேண்டாம். இல்லைன்னா அதிக சூடு தாங்கற, சென்சாருக்கு ஆகும்னு போட்ட வகையை மரைல மட்டும் மெல்லிசா தடவுங்க, ஓட்டை இருக்கற முனைல ஒரு துளி பட்டாலும் சென்சார் கெட்டுடும். டார்க் ரெஞ்ச்ல மேனுவல் சொல்ற அளவு, பெரும்பாலும் அந்த 40லேர்ந்து 50 நியூட்டன் மீட்டர் பக்கத்துல தான் இருக்கும். காக்கா கால் ஸ்பேனர் மாட்டி டார்க் பாக்கறவங்க அதை கம்பிக்கு 90 டிகிரில வைங்க, நேரா நீட்டி வச்சா கை நீளம் கூடி, காட்டறதை விட அதிகமா இறுகும்.

ஒயரை பழைய கிளிப்புகள்ல அப்படியே மாட்டுங்க, பைப்பையும் டிரைவ் ஷாஃப்ட்டையும் தொடாம போகணும்.

மாத்தியாச்சு, லைட் திரும்ப எரியுது

கோடை அழிச்சீங்களா? அழிச்சுட்டு திரும்ப வந்தது அதே கோடா வேற கோடான்னு பாருங்க. அதே ஹீட்டர் கோடுன்னா ஃப்யூஸ், ஒயரிங் பக்கம் திரும்பிப் போங்க, நான் மேல சொன்னதை தாண்டி வந்துட்டீங்க. கனெக்டர் இல்லாத யூனிவர்சல் சென்சாரை வாங்கி பழைய ஒயரோட சேத்திருந்தா கலர் மாறியிருக்க வாய்ப்பு நிறைய, கம்பெனிக்கு கம்பெனி கலர் வேற, டப்பால வர்ற அட்டவணையை பாத்து தான் சேக்கணும். ஜாயின்டை சால்டர் வச்சு ஒட்டினீங்கன்னா அதுவே பிரச்சனையா இருக்கலாம்: பல சென்சார் வெளிக்காத்தோட ஒப்பிட்டு தான் கணக்கு போடுது, அந்த காத்து ஒயருக்குள்ள இருக்கற கம்பி இடுக்கு வழியா தான் போகுது, ஈயம் அதை அடைச்சுடும். கிரிம்ப் தான் பண்ணணும், அதாவது சின்ன உலோகக் குழாய்ல நுழைச்சு நசுக்கி சேக்கணும். இதே காரணத்துக்காக கனெக்டருக்குள்ள கிரீஸோ கிளீனரோ அடிக்காதீங்க. இதுக்காகவே நான் யூனிவர்சல் வாங்கறதை விட்டுட்டேன், கனெக்டரோட வர்றது தான் நிம்மதி.

நாலு ஒயர் இடத்துல நாலு ஒயர் தான் இருக்குன்னு மட்டும் பாத்து வாங்கினீங்களா? நாலு ஒயர்லயும் ரெண்டு ஜாதி உண்டு, சில வண்டில முன் சென்சார் ஏர் ஃப்யூவல் டைப் (மேல சொன்ன வைட்பேண்ட் மாதிரி கலவையை அளக்கறது), பாக்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், கனெக்டர் கூட சில நேரம் மாட்டிக்கும், ஆனா கம்ப்யூட்டருக்கு அது பேசற பாஷையே புரியாது. பார்ட் நம்பரை வண்டி நம்பர் பிளேட்டை விட கவனமா பாருங்க.

லைட் எரியல, ஆனா ஸ்கேனர்ல ரெடினஸ், அதாவது கம்ப்யூட்டர் தானே நடத்தற சோதனைகள் (மானிட்டர்), முடியலன்னு காட்டுதுன்னா அது பழுது இல்ல. கோடை அழிச்சாலோ பேட்டரியை கழட்டினாலோ எல்லா மானிட்டரும் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும், கொஞ்ச நாள் ஆறின ஸ்டார்ட்டும் சீரான வேகத்துல நீண்ட ஓட்டமுமா ஓட்டினா தானா முடியும். ஸ்கேனர் மாட்டி பாக்கற புகை டெஸ்ட்டுக்கு போறவங்க இதை பாத்துட்டு போங்க, நேத்து அழிச்சுட்டு இன்னிக்கு போனா திருப்பி அனுப்பலாம்.

காலைல ஸ்டார்ட் பண்ணா புது சென்சார் பக்கத்துல டிக் டிக்னு சத்தமா? வாஷர் முழுசா நசுங்கல. பைப் ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணியை தலையை சுத்தி விட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி முப்பது செகண்ட் பாருங்க, குமிழி வந்தா ஆஃப் பண்ணிட்டு திரும்ப டார்க் வச்சு இறுக்குங்க, அப்பவும் வந்தா கழட்டி வாஷர் உக்கார்ற முகத்துல பழைய துரு செதில் ஒட்டியிருக்கான்னு பாத்து ஒயர் பிரஷ் போட்டு தேச்சுட்டு மாட்டுங்க.